எண் பதினேழு

கானாடுகாத்தானில், பெரிய வீட்டு முகப்புக்கு எதிரே
சுண்ணாம்பில் கட்டம் போட்டு எண் எழுதியிருந்தார்கள்.
பதினாறுக்கு ப்யூக் வந்தது,
லாரியில், தார்ப்பாய்க்குள், நாலு பேர் தள்ளி.
பதினேழுக்கு நான் வந்தேன்,
தேவகோட்டையிலிருந்து ஓட்டிக்கொண்டு.
டிக்கியில் ஒரு மூணு ஹெச்பி மோட்டார்,
என் கையால் காயில் கட்டியது,
திரும்பும்போது பள்ளத்தூரில் இறக்க வேண்டியது.

ஹெரால்டு. அறுபத்தாறாம் வருஷம்.
நிறம் என்ற இடத்தில் பச்சை என்று எழுதினேன்.
எந்தப் பச்சை என்று யாரும் கேட்கவில்லை.
வலது கதவு ஒரு பச்சை,
மற்றதெல்லாம் வேறு வேறு பச்சை.

வெள்ளைத் துணியோடு வந்தார் நடுவர்.
ப்யூக்கின் சக்கரக் கம்பிகளுக்கு இடையே விரலை விட்டுத் துடைத்தார்;
துணி வெள்ளையாகவே வெளியே வந்தது.
என் டேஷ்போர்டுக்கு அதை நீட்டியவர்
என்ன நினைத்தாரோ, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.
"வைப்பர் மாருதியோடது."
ஆமா சார்.
"இந்தக் கண்ணாடி?"
டிராக்டர்.
"கடைசியா எப்ப ஓட்டினீங்க?"
இப்பத்தான்.
அவர் பேனா கொஞ்ச நேரம் நின்றது.
"சாப்பிட்டுட்டு வந்து இன்ஜினைப் பார்க்கிறேன்."

ப்யூக்காரர் பெயர் சோலையப்பன்.
துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தவர்
என் ஜன்னலில் குனிந்தார்.
விலை கேட்கவில்லை, எத்தனை கொடுக்கும் என்று கேட்கவில்லை.
"மூணாவது கியர்ல என்ன சத்தம் போடும்?"

அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
சாவியைக் கொடுத்தேன்.
சோக்கை முழுசா இழுக்காதீங்க, கோபம் வரும்.
மூணாவது தானாக் கழன்றுக்கும், இடது முழங்காலை அண்டக் கொடுங்க.
பிரேக்கை முதல் மிதி மிதிச்சா கேள்வி,
ரெண்டாவது மிதிதான் பதில்.
ஹாரன் மட்டும் அடிச்சிராதீங்க. நிக்காது.

பதினொன்றரைக்குக் கிளம்பிப் போனார்.
அவருடைய மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து
ப்யூக்குக்கு நான் காவல்.
உங்க வண்டியா அக்கா என்று கேட்ட பிள்ளைகளில்
மூன்று பேருக்கு இல்லை என்றேன்.
நாலாவது பிள்ளைக்கு ஆமாம்.
வாங்கி ஒன்பது வருஷம், பதினோரு மைல் என்றான்
தள்ள வந்த பையன்.
லாரிப் பலகையில் ஏறி இறங்கியதும் சேர்த்தாம்.

நடுவர் ஏப்பத்தோடு திரும்பி வந்தார்.
பதினேழில் வண்டி இல்லை.
கட்டத்துக்குள் மூன்று சொட்டு எண்ணெய் இருந்தது,
வெயிலில் மினுங்கிக்கொண்டு.
குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்,
ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஜாண் வைத்துப் பார்த்தார்.
"இன்ஜின். கியர் பெட்டி. பின் ஆக்சில்.
எல்லாத்துலயும் எண்ணெய் இருக்கு," என்றார்,
எழுதிக்கொண்டார்.

நாலு மணிக்குப் பரிசு, பதினாறுக்கு.
மைக்கில் மூன்று முறை கூப்பிட்டார்கள்.
சோலையப்பன் இல்லை.
யாரோ தோளைத் தட்ட, நான் போய் வாங்கினேன்,
பித்தளைக் கோப்பை, நல்ல கனம்.
இறங்கும்போது கேட்டது:
ஸ்டேஷன் பக்கமிருந்து, தெருத்தெருவாக நெருங்கிக்கொண்டே,
மூச்சு விடாத ஒரே ஹாரன்.

பானட்டைத் தூக்கிக் கம்பியைப் பிடுங்கினேன்.
அதற்குப் பிறகுதான் அவர் பேசுவது காதில் விழுந்தது.
இடது முழங்காலில் வேட்டி கறுத்திருந்தது.
தலை முழுக்கச் செம்மண்.
"மோட்டாரைப் பள்ளத்தூர்ல இறக்கிட்டேன்,
அட்டையில விலாசம் இருந்துச்சு.
பழைய பாக்கியாம், ஆயிரத்து இருநூறு, எண்ணிக்கங்க."
எட்டு மாசமாக எனக்குக் கொடுக்காத பணம்.

கோப்பையை நீட்டினேன்.
வாங்கினார், பார்க்கவில்லை,
என் பின் சீட்டில் ஸ்பானர் பைக்குப் பக்கத்தில் வைத்தார்.
"கேட் போட்டுட்டான். அரைமணி நேரம் நின்னோம்," என்றார்.
"சூடாயிருச்சு, பாவம். தண்ணி ஊத்தியிருக்கேன்."